கீதா என்று யாரும் இல்லை

எழுத்தாளர்களின் பேட்டி எதையும் நான் விட்டுவைத்ததில்லை. எல்லாப் பேட்டியிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். எப்போது எழுதுவீர்கள்? இதற்கு ஒருவர்கூட கரண்ட் இருக்கும்போது என்று பதில் சொன்னதில்லை. விடிவதற்கு முன்னால், ஊர் அடங்கிக் கிடக்கும் பொழுதில், கையில் காப்பியோடு, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைப் பார்த்தபடி எழுதுவார்களாம். அந்தக் காப்பியை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்பவரும் கேட்பதில்லை, சொல்பவரும் சொல்வதில்லை.

நானும் விடிவதற்கு முன்னால் எழுந்து பார்த்தேன். எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிறது. நான் நாவல் தொடங்கிய மாதம் ஆடி. ஆடியில் அம்மன் கோவில் குழாய் ரேடியோ எனக்கு முன்பே எழுந்துவிடும். அது ஓய்ந்தால் பால் வண்டி. பால் வண்டி போனால் பஞ்சாயத்து குழாயில் தண்ணீர். தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து, ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ் கட்டி, அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் ‘அத்தியாயம் ஒன்று’ என்ற இரண்டு சொற்கள் அப்படியே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மரமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திய கக்கூஸ் சுவர்தான் இருந்தது. அதைப் பார்த்தும் எழுதலாம், பேட்டியில்தான் சொல்ல முடியாது.

கடைசியில் என் எழுதும் நேரத்தை எனக்குக் கொடுத்தது ஒரு மெஷின். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். மானிய உரம் வேண்டுமென்றால் விவசாயிகள் ஆதார் நம்பர் சொல்லி, மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். சேற்றில் தேய்ந்த விரலை மெஷின் சுலபத்தில் ஒப்புக்கொள்ளாது. வேட்டியில் துடைத்து, தலையில் தடவி எண்ணெய் ஏற்றி, மறுபடி வைப்பார்கள். மெஷின் யோசிக்கும். அது யோசிக்கிற நேரத்தில் நான் கவுன்டருக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு எழுதுவேன். சர்வர் படுத்துவிட்டால் கடையில் எல்லோருக்கும் பேஜார், எனக்கு மட்டும் ஓர் அத்தியாயம் நகரும்.

கடையில் நாள் முழுக்க என் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான். “யூரியா கீதாம்மா?” எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கீது என்போம். இருக்கிறதா என்று கேட்டால் அது கீதா. பூச்சிமருந்து கம்பெனிக்கு ஆர்டர் எடுக்க வருகிறவர் கோயம்புத்தூர்க்காரர். அவர் முதல் தடவை வந்தபோது ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். யூரியா கீதாம்மா, பொட்டாஷ் கீதாம்மா, சில்லற கீதாம்மா என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுப் போனார்கள். கிளம்பும்போது அவர் என்னிடம், “வரேனுங்க கீதா மேடம். சுத்துப்பட்டு ஊரே உங்க பேரைத் தெரிஞ்சு வச்சிருக்குதுங்க” என்றார். நான் திருத்தவில்லை. இன்றைக்கும் அவருடைய போனில் நான் கீதா மேடம்தான்.

ஆனால் ஒன்று. யார் எப்படிக் கேட்டாலும் நான் “இருக்கு” என்றுதான் பதில் சொல்வேன். நாவல் எழுதுகிறவள் கீது என்று சொல்லலாமா? எனக்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா?

இந்தக் கௌரவத்தை எனக்கு ஊட்டி வளர்த்தவை நான் படித்த புத்தகங்கள். எங்கள் கிளை நூலகத்தில் நாற்காலிகள் எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு. நாவல் அலமாரி பின்பக்கம், விளக்குமாறு சாத்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கே நான் முதலில் படித்ததெல்லாம் மாத நாவல்கள். முதல் பக்கத்தில் பிணம் விழுந்துவிட வேண்டும், கடைசிப் பக்கத்தில் டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரிய வேண்டும். இன்றைக்கும் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் படிக்கத் தோன்றுவது அவைதான்.

பிறகு காஞ்சிபுரத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முந்தின நாள் வத்தக்குழம்பு வாசனையில் உட்கார்ந்து மனித மனத்தின் இருட்டைப் பற்றிப் பேசினார்கள். இடைவேளையில் ஒரு கவிஞர் என்னைப் பார்த்து, “என்ன வாசிச்சுக்கிட்டிருக்கீங்க?” என்று கேட்டார். அது விசாரிப்பு இல்லை, டிக்கெட் செக்கிங். என் கைப்பையில் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பேப்பர் அட்டை போட்ட கொலை நாவல் இருந்தது. “மொழிபெயர்ப்புகள்” என்றேன். “ரஷ்யனா?” என்றார். “பெரும்பாலும்” என்றேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பாஸாகிவிட்டேன் என்று தெரிந்தது. அவரும் அவற்றைப் படித்திருக்கவில்லை என்பது, அவர் மேலே ஒரு கேள்வியும் கேட்காமல் போண்டா எடுக்கப் போனதில் தெரிந்தது.

அந்த வெட்கத்தில் தடிமனான நாவல்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக்கூடாது, பாதி எனக்கு உண்மையாகவே பிடித்தது. மீதியில் முதல் பத்துப் பக்கத்துக்கு மரம், செடி, கொடியின் பெயர்கள்தான் வந்தன. ஒன்றைக் கவனித்தேன். நாவலில் கிராமம் என்று வந்தால் அது விழுப்புரத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. தேரி மணல், கரிசல், தாமிரபரணித் தண்ணீர். ஏலே என்று கூப்பிட்டால்தான் அவன் கிராமத்தான். எங்கள் காஞ்சிபுரம் ஜில்லா என்றால் பட்டுப்புடவையும் கோவிலும் இட்லியும்தான். உத்திரமேரூருக்குத் தேர்தல் சமயத்தில் டிவிக்காரர்கள் வருவார்கள், குடவோலைத் தேர்தல் பற்றிய பழைய கல்வெட்டைத் தடவிக் காட்டுவார்கள், எங்களில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்கள். கல்லுக்குக் கிடைத்த மைக் எங்களுக்குக் கிடைத்ததில்லை. எங்கள் பேச்சைச் சினிமாவில் ரிக்ஷாக்காரனுக்கும் அடி வாங்குகிற அடியாளுக்கும் கொடுத்தார்கள். அபூர்வமாகக் கதாநாயகன் கீது என்று பேசினால், இடைவேளைக்குள் திருந்திவிடுவான்.

இதையெல்லாம் படித்துக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் என் நாவலை எழுதினேன். ஏரி மதகைத் திறப்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வருகிற சண்டை, அதில் அண்ணன் சாவது. என் வீட்டுக்காரர் குடும்பத்தில் நடந்ததை ஒட்டிய கதை. முதலில் எழுதிய மூன்று அத்தியாயங்களைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியர் அவராகவே போன் பண்ணினார். “மண் மணக்கிறது மேடம்” என்றார். “இப்படி அச்சு அசலான கிராமத்து மொழியைப் படித்து நாளாயிற்று. முடித்துக் கொடுங்கள், புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம்.” நான் செய்தி வாசிக்கிறவள் மாதிரி, “மிக்க மகிழ்ச்சி ஐயா” என்றேன். போனை வைத்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் அவர் கம்பெனியில் லைனில் நிற்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். கடை முதலாளி, புத்தகம் வந்தால் கவுன்டரில் வைத்து விற்கலாம் என்றார், களைக்கொல்லி பக்கத்தில்.

எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஏதோ ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்கள். நாவலை எழுதி முடித்ததும், ஒரு சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். என் மாமியார் மொச்சை உரித்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தபோதெல்லாம் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் படிப்பதைக் கேட்டார். அண்ணன் மதகடியில் நின்று தம்பியைப் பார்த்து, “ஏலே, நில்லுலே, அவிய வரட்டும்” என்று கத்துகிற இடத்தில் என்னை நிறுத்தினார்.

“ஏம்மே, இது நம்ம ஊர்க் கததானே?”

“ஆமா அத்த.”

“கத நல்லாத்தான் கீது. ஆனா ஊர் பூரா அண்ணாச்சிங்களாவே கீறாங்களே. அவங்களாண்ட சாமான் வாங்கறதுக்கு ஒர்த்தன் வேணாவா?”

எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊருக்கே அண்ணாச்சி. எங்கள் ஊரில் அப்படிப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். மாமியார் கேட்டுவிட்டு மொச்சையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். விளம்பரம் முடிந்தது, சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு அது விமர்சனமே இல்லை, ஒரு சந்தேகம், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்து இல்லை, வேண்டுமென்றேதான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மறுநாள் கடையில் மெஷின் யோசித்துக்கொண்டிருந்தபோது நாவலை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். சாலவாக்கம் ஏரிக்கரையோரம் தேரி மணல் பறந்தது. மதகை மடை என்று எழுதியிருந்தேன். கல்யாணப் பந்தியில் சொதி பரிமாறியிருந்தேன். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் யாருக்கும் தெரியாது. நானே சாப்பிட்டதில்லை, படித்ததுதான். எதிரில் நின்ற பெரியவர், “எத்தினி தபா வெக்கறது, வெரலே தேஞ்சி பூடும் போலக் கீதே” என்று மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார். நாள் தவறாமல் இந்தக் குரல்களுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, அடுப்பு எரிகிற வீட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கியவள் மாதிரி, அண்ணாச்சிக் கடையிலிருந்து பேச்சைக் கடன் வாங்கியிருந்தேன். சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

திரும்ப எழுதினேன். சீக்கிரம் முடியட்டும் என்று, பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் போனில் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். போனுக்கும் எங்கள் பேச்சு ஆகவில்லை. வந்துக்கினு என்றால் ‘வந்து கிணறு’ என்று எழுதியது. “பெரீப்பா வூட்டாண்ட நின்னாரு” என்று சொன்னேன், பெரியப்பா ஊட்டியை ஆண்டார் என்று வந்தது. “ஏரில தண்ணி கீதா?” என்றால் தண்ணீருக்குப் பக்கத்தில் கீதா என்று ஒரு பெண் வந்து நின்றாள். அவளை விரட்டவே முடியவில்லை. அண்ணன் வீட்டிலும் இருந்தாள், தம்பி வீட்டிலும் இருந்தாள், பஞ்சாயத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த வசதியை அணைத்துவிட்டு ஒற்றைக் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.

தட்டத் தட்ட ஆட்கள் உயிரோடு எழுந்து வந்தார்கள். அதுவரை என் அண்ணனும் தம்பியும் மேடை நாடகத்தில் நிற்பதுபோல நின்றிருந்தார்கள். இப்போது ஒருத்தனை ஒருத்தன் பேசவிடாமல் பேசினார்கள். அண்ணன் செத்த பிறகு தம்பி கரையில் குந்திக்கொண்டு, “இன்னா கீது இனிமே” என்று சொல்கிறான். அதை எழுதியபோது நான் கடையில் இருந்தேன். அழுதுவிட்டேன். கைரேகை பொருந்தவில்லை என்று மெஷின் கத்தியது. எதிரில் நின்றவர் தன்னால்தான் எனக்குத் தொந்தரவு என்று நினைத்து, “இன்னொரு வெரல வெச்சிப் பாக்கட்டாம்மா?” என்றார். நான் அதுவரை எழுதியதில் நல்ல வரி எது என்று கேட்டால் அந்தத் தம்பி சொன்னதைத்தான் காட்டுவேன்.

முழு நாவலையும் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா முடிந்த நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார்.

“மேடம், கதை பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். யார் அந்தக் கீதா?”

“எந்தக் கீதா ஐயா?”

“முதல் அத்தியாயத்திலேயே வருகிறாள். ‘ஏரில தண்ணி கீதா’ என்கிறான் தம்பி. அப்புறம் ‘வூட்ல சோறு கீதா’. அந்தப் பெண்ணை நீங்கள் அறிமுகப்படுத்தவே இல்லை. ஆனால் ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள், அவளும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குறியீடா?”

நான் விளக்கினேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர், மனம்விட்டே சிரித்தார்.

“ஓ, மெட்ராஸ் பாஷை. நீங்கள் கிராமத்து நாவல் என்றல்லவா சொன்னீர்கள்?”

“கிராமம்தான் ஐயா. நாங்கள் இப்படித்தான் பேசுவோம்.”

“இருக்கலாம் மேடம். ஆனால் வாசகர் என்று ஒருவர் இருக்கிறார். முதலில் அனுப்பினீர்களே, அந்த மொழியில் ஒரு நிஜம் இருந்தது. இது காமெடி மாதிரி ஆகிவிடுகிறது. தம்பி கடைசியில் இன்னா கீது இனிமே என்கிறானே, அந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழையபடி மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கண்காட்சிக்கு நேரம் இருக்கிறது. அட்டைகூடத் தயார். செம்மண் தேரியில் ஒற்றைப் பனை, பார்த்தால் அசந்துவிடுவீர்கள்.”

மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். அட்டையில் என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஆசைப்பட்டவள் நான். கம்பெனி லைன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனுஷனின் முகமும் ஞாபகம் வந்தது. ஏலே போட்டால் கதை ஒன்றும் செத்துவிடாது. வாயைத் திறந்து சரி என்று சொல்லப் போனேன். ஆனால் அவர் சிரித்தது அந்த வரிக்கு. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

“நான் இன்னா மெட்ராஸ்லயா குந்திக்கினு கீறேன்?” என்று வந்துவிட்டது. “ஏரிக்கரையில கீறேன் சார். எங்க வூட்ல பொணம் வியுந்தா நாங்க இப்டித்தான் அயுவோம். நீங்க சிரிக்கறீங்கன்னு ஏலேன்னு அயுவ முடியாது.”

கோபித்துக்கொண்டார், வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அபாரம் மேடம்” என்றார். “அந்தப் பாஷையை அப்படியே பிடித்துவிட்டீர்கள். அசல் ஆள் பேசுவது மாதிரியே இருக்கிறது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?”

“வேணாம் சார். வுட்ருங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அழுகையாக வந்தது. அடுப்படியில் போய் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

மாமியார் வாசற்படியில் நின்று பார்த்தார்.

“யாரு போன்ல? நம்ம ஜனமா? வூட்ல பேசறாப்ல பேசனியே?”

“புக்குப் போடறவரு அத்த. புக்கு வராது.”

“இன்னாத்துக்காம்?”

“நாம பேசறது அவருக்குப் புரியலியாம்.”

“அண்ணாச்சிக்கே புரியுதே” என்றார். “வந்த ஒரு மாசத்துல புரிஞ்சிக்கினாரு. அந்தாளுக்கு இன்னா?”

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். லைனில் கேட்டால் புத்தகம் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவர் முகம் வாடியது. நாவலை இன்னொரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இந்த நாவலில் கீதா என்று யாரும் இல்லை. இன்னும் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் கடையைத் திறந்து மெஷினை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சாலவாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருத்தர் நேராக வந்தார். கழனியில் தண்ணீர் நிற்கிறது, அவசரம் என்பது அவர் முழங்கால் சேற்றிலேயே தெரிந்தது.

“யூரியா கீதாம்மா?”

“கீது” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மெஷினில் வைத்தார்.